ஈய மலையில் ஒரு நூலகம்

உலகப் படத்தில் ஸ்காட்லாந்து நாட்டைத் தேடிப் பார்க்கும் மாணவியர் அதன் வடபகுதியிலுள்ள உயர்ந்த மலைகளையே முதலில் காண்பர். ஆனால் அந்நாட்டிலேயே மிக உயரமான இடத்தில் அமைந்துள்ள ஊர் வடக்கே இல்லை; தெற்கே, புல் மூடிய மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கிறது. வான்லாக்ஹெட் என்பது அதன் பெயர். அதற்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில், சற்றே தாழ்வாக, லெட்ஹில்ஸ் என்னும் இரட்டைச் சகோதரி போன்ற மற்றோர் ஊர். 'ஈயக் குன்றுகள்' என்பதே இப்பெயரின் பொருள். ஊர் பிறந்த காரணத்தை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

வான்லாக்ஹெட் கடல் மட்டத்திலிருந்து 467 மீட்டர் உயரத்தில் உள்ளது. "இவ்வளவுதானா!" என்று நம்மவர் கேட்கக்கூடும். நமது ஏற்காடு இதைப்போல் மூன்று மடங்கு உயரமாயிற்றே! ஆனால் ஏற்காடு நிலநடுக்கோட்டிற்கு அருகே இருக்கிறது. இவ்வூர்களோ 55 பாகை வட அட்சத்தில் இருக்கின்றன. அங்கே இந்த உயரத்தில் கோதுமை விளையாது. மரம்கூட எளிதில் வளராது. குளிர்காலத்தில் பனி விழுந்து பாதைகள் அடைபட்டுப் போகும். லெட்ஹில்ஸ் ஊரின் நடுவே 1770-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு மணி தொங்குகிறது. மலையில் யாரேனும் வழிதவறினால் ஊராரைத் திரட்ட அதை அடிப்பது வழக்கம். விளைச்சலுக்கோ வாணிபத்திற்கோ எவரும் தேடி வந்து குடியேறும் இடமன்று இது. நிலத்தின் அடியில் கிடந்த ஒரு கருநிற உலோகக் கல்லுக்காகவே மக்கள் இங்கு வந்தார்கள்.

அக்கல்லைத் தேடி வந்தவர்களைப் பற்றிய பழைய குறிப்பு ஒன்றில் துறவிகள் வருகிறார்கள் என்பது நம் பள்ளியினருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எடின்பரோ நகருக்கருகே நியூபாட்டில் என்ற இடத்தில் சிஸ்டர்சியன் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. அம்மடத்தாருக்கு 1239-ஆம் ஆண்டில் இம்மலைப் பகுதியில் ஈயம் எடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. செபமும் உடலுழைப்பும் அச்சபையினரின் இரு கண்கள் அல்லவா? கோவில் கூரைகளை வேயவும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் துண்டுகளை இணைக்கவும் அக்காலத்தில் ஈயமே பயன்பட்டது.

பின்னர் 16-ஆம் நூற்றாண்டில் இதே மலையின் ஓடை மணலில் தங்கம் அரித்தார்கள். ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் 1540-இல் தம் மணிமுடியைப் புதுப்பித்தபோது இப்பகுதித் தங்கம் அதில் சேர்க்கப்பட்டது. எடின்பரோ கோட்டையில் இன்றும் அம்முடியைக் காணலாம். தங்கத்தின் கதை அத்துடன் போகட்டும். அது சில ஆண்டுகளின் ஆரவாரம். ஊரை உண்டாக்கியதும் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டதும் ஈயமே.

ஈயக்கல் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சிறிது விளக்கமாகப் பார்ப்போம். வேதியியல் பயிலும் மாணவியர் அறிந்த கலீனா, அதாவது ஈய சல்பைடு, பாறைப் பிளவுகளில் செங்குத்தான சுவர்போல நரம்பு நரம்பாக ஓடுகிறது. குன்றின் பக்கவாட்டில் குகை குடைந்து அந்நரம்பைப் பின்தொடர வேண்டும். கையில் உளியும் சம்மட்டியும், பிற்காலத்தில் வெடிமருந்து. வெளிச்சத்திற்கு ஒரு மெழுகுவர்த்தி. ஆழம் போகப்போக நீர் ஊறும். அதை இறைக்காவிட்டால் வேலை நின்றுவிடும்.

நீரை இறைக்க நீரையே வேலை வாங்கினார்கள்! வான்லாக்ஹெட்டில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய இயந்திரம் ஒன்று இன்னும் நிற்கிறது. நமது கிராமத்து ஏற்றத்தை நினைத்துக் கொண்டால் அதைப் புரிந்துகொள்வது எளிது. நடுவில் ஒரு தூண். அதன்மேல் ஏறி இறங்கும் நீண்ட மரம். மரத்தின் ஒரு முனையில் பெரிய வாளி, மறுமுனையில் சுரங்கத்தினுள் இறங்கும் இறைப்புத் தண்டு. மலையோடை நீர் வாளியில் விழுந்து நிறைந்ததும் வாளி கனத்தால் கீழே இறங்கும். தண்டு மேலே எழுந்து சுரங்க நீரை இழுக்கும். அடியில் வாளி தானாகவே காலியாகும். தண்டின் பாரம் வாளியை மீண்டும் மேலே தூக்கும். நம் ஊர் ஏற்றத்தில் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடக்கும் ஆளின் வேலையை இங்கே ஓடை செய்தது. இரவென்றும் பகலென்றும் பாராமல், கூலியும் கேளாமல்!

வெளியே வந்த கல்லை உடைத்து, ஓடுநீரில் அலசிப் பிரித்தார்கள். நம் வீடுகளில் அரிசியில் கல் அரிப்பதில்லையா, அதே முறைதான். ஆனால் இங்கே அடியில் தங்கும் கனமான கல்லே வேண்டிய பொருள். இவ்வேலை சிறுவர்களுடையது. குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். அலசும் வேலை நடக்காது. ஆகவே சிறுவர்கள் கோடையில் வேலைக்கும் குளிர்காலத்தில் பள்ளிக்கும் போனார்கள். பெண்களும் சிறுமியரும் சுரங்கத்தில் இறங்கவில்லை; வீட்டு வேலையோடு மெல்லிய மஸ்லின் துணியில் பூவேலை செய்து சிறிது பொருள் ஈட்டினார்கள். அலசிய கல்லை உலையிலிட்டு உருக்கி ஈயப் பாளங்களாக்கினர். அவை வண்டிகளில் ஏறி எடின்பரோவின் துறைமுகமாகிய லீத் வரை சென்று, அங்கிருந்து ஹாலந்து முதலிய நாடுகளுக்குக் கப்பலேறின.

ஈயம் நஞ்சு என்பது இன்று நாம் எல்லோரும் அறிந்தது. உலையின் புகையில் அந்நஞ்சு கலந்து பரவியது. உலையில் வேலை செய்தவர்களுக்குக் கொடிய வயிற்றுவலி, மலச்சிக்கல், கைகால் தளர்ச்சி, முடிவில் சித்தம் கலங்குதல். இந்நோய்க்கு அவ்வூரார் இட்ட பெயர் 'ஆலைப் புகை' என்று பொருள்படும். நோய்க்கு மருத்துவ நூல் பெயர் தருமுன்னரே, அதன் காரணத்தையே பெயராக வைத்த அந்த எளிய மக்களின் கூர்மையைக் கவனியுங்கள். உலைக்கு அண்மையில் மேய்ந்த மாடுகளும் மாண்டன. சுரங்கத்தினுள்ளும் ஆபத்துக்குக் குறைவில்லை. 1817-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லெட்ஹில்ஸ் சுரங்கத்தில் புகை தேங்கித் தொழிலாளர் பலர் மூச்சுத் திணறி இறந்தனர். அப்போது அங்கே சுரங்க மருத்துவராயிருந்தவர் ஜேம்ஸ் பிரெய்டு. மனோவசிய மருத்துவத்தின் தந்தை என்று பிற்காலத்தில் பெயர் பெற்றவர் இவரே.

லெட்ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் ஜான் டெய்லர் என்ற சுரங்கத் தொழிலாளியின் கல்லில் அவர் வயது 137 என்று பொறித்திருக்கிறது! அதை நாம் அப்படியே நம்ப வேண்டுவதில்லை. அத்தனை வயதை ஓர் அதிசயமாகக் கல்லில் வெட்டி வைத்த ஊரில், மற்றவர் எத்தனை வயதில் போனார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

மலையும் நிலமும் அம்மக்களுடையவை அல்ல. லெட்ஹில்ஸ் ஹோப்டன் பிரபுவின் சொத்து. வான்லாக்ஹெட் முதலில் குவீன்ஸ்பரி கோமகனுக்கும் பின்னர் பக்ளூ கோமகனுக்கும் உரியது. சுரங்கங்களைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவை கம்பெனிகள். தொழிலாளர் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இத்தனை அடி குடைவதற்கு, அல்லது இத்தனை எடை கல் எடுப்பதற்கு இவ்வளவு கூலி என்று கம்பெனியோடு பேரம் பேசி ஒப்பந்தம் செய்துகொள்வர். நரம்பு வளமாயிருந்தால் லாபம். வெறும் பாறையாகப் போனால் நஷ்டம். கணக்குத் தீரும் நாள் வரை, கம்பெனி முன்பணமாகத் தரும் ஓட்ஸ் மாவும் சில்லறையுமே குடும்பத்தைக் காப்பாற்றும். கடனோடு ஆண்டைத் தொடங்கிக் கடனோடு முடிப்பவர் பலர்.

இப்படிப்பட்ட ஊருக்கு 1735-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கணித மேதை நிர்வாகியாக வந்து சேர்ந்தார். உயர்நிலைக் கணிதம் பயிலும் மாணவியர் 'ஸ்டர்லிங் வாய்பாடு' என்பதைப் பின்னர் கற்பர். ஒன்றிலிருந்து ஒரு பெரிய எண் வரையிலுள்ள எண்களையெல்லாம் பெருக்கினால் வரும் தொகையை எளிதாகத் தோராயமாய்க் கண்டறியும் வழி அது. அதை 1730-இல் வெளியிட்ட ஜேம்ஸ் ஸ்டர்லிங் என்பவரே அந்த நிர்வாகி. நியூட்டனின் நண்பர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர், நாடிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின்பால் பற்றுக் கொண்டிருந்ததால் புதிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து, உதவித்தொகையை இழந்தவர். பல்கலைக்கழகப் பதவி கிட்டாத அம்மேதை, ஈயச் சுரங்கக் கணக்கைப் பார்க்க மலையேறினார். 1770-இல் இறக்கும் வரை அப்பொறுப்பு அவரிடம் இருந்தது.

அவர் செய்த ஏற்பாடுகளில் நம் கருத்தில் முதன்மையானது வேலை நேரத்தைப் பற்றியது. சுரங்கத்தினுள் ஒருவர் நாளுக்கு ஆறு மணி நேரமே வேலை செய்தால் போதும் என்று வகுக்கப்பட்டது. பிற இடங்களில் விடியற்காலை முதல் இருட்டும் வரை உழைத்த காலத்தில் இது! தொழிலாளர் தாமே வீடு கட்டிக்கொள்ளவும், சுற்றியிருந்த நிலத்தைத் திருத்தித் தோட்டம் போடவும் இடம் தரப்பட்டது. மீதி நேரத்தை என்ன செய்வது? அதற்கு அவ்வூரார் கண்ட விடைதான் நம் கட்டுரையின் தலைப்பு.

1741-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் லெட்ஹில்ஸ் வாசகர் சங்கம் தோன்றியது. தொடங்கியவர்கள் 23 பேர். அவர்களுள் ஒருவர் சபைப் போதகர், ஒருவர் பள்ளி ஆசிரியர். ஏனைய 21 பேரும் சுரங்கத் தொழிலாளர். ஸ்டர்லிங்கின் தூண்டுதல் இதற்குப் பின்னால் இருந்ததென்று கருதப்படுகிறது. தொழிலாளர் தாமே சந்தா செலுத்தி, தாமே கூடிப் பேசி நூல்களைத் தேர்ந்து, தாமே விதிகள் வகுத்து நடத்திய நூலகம் பிரிட்டனில் இதற்கு முன் எழுந்ததாக அறியப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1756-இல், நவம்பர் முதல் நாளில், வான்லாக்ஹெட்டில் 32 பேர் கூடி இதேபோன்ற சங்கத்தை நிறுவினர். அது சகல புனிதர் திருநாள். ஆனால் அக்காலத்து ஸ்காட்லாந்தில் கத்தோலிக்கத் திருநாள்களைக் கொண்டாடுவார் அரிது. சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பரம்மாளையும் அம்மக்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் வாங்கிய நூல்கள் எவை? கதைப் புத்தகங்கள் அல்ல. பெரும்பாலும் சமய நூல்களும் பிரசங்கத் தொகுப்புகளும். அடுத்தபடியாக வரலாறு, பயண நூல்கள். கதைகள் பிற்காலத்தில்தான் மெல்ல நுழைந்தன. நூல்கள் அக்காலத்தில் விலையுயர்ந்த பொருள். ஒரு தொழிலாளி தனித்து ஒரு நூலை வாங்குவது இயலாது. ஆனால் முப்பது பேர் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் எல்லா நூலும் சொந்தம்! கூட்டாக உழைத்துக் கூட்டாகக் கூலி பெற்றுப் பழகியவர்களுக்கு இந்த எண்ணம் இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பது நம் ஊகம்.

பெண்கள் எங்கே என்று நம் மாணவியர் கேட்காமல் இருக்கமாட்டார்கள், கேட்கவும் வேண்டும். இரு சங்கங்களையும் நிறுவியவர்கள் ஆண்களே. வான்லாக்ஹெட் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினராக இசபெல்லா ரதர்ஃபோர்ட் என்பவர் 1784-இல் சேர்க்கப்பட்டார். சங்கம் தோன்றி 28 ஆண்டுகள் கழிந்த பின்! அதுவரை அவ்வூர்ப் பெண்கள் படிக்கவே இல்லை என்று கொள்வது தவறாகும். வீட்டிற்கு வந்த நூல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் கையோடு நின்றிருக்குமா? பூவேலை செய்துகொண்டிருந்த தாயும் மகளும் காதாலாவது கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்பது வேறு, எந்த நூலை வாங்குவது என்று சொல்லும் உரிமை வேறு. அவ்வுரிமை எளிதில் கிட்டவில்லை.

1803-ஆம் ஆண்டு கோடையில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் நண்பர் கோல்ரிட்ஜும் இப்பாதை வழியே பயணம் செய்தனர். டோரதி தம் பயண நூலில் எழுதி வைத்திருப்பது சுவையானது. வழியில் வான்லாக்ஹெட் சிறுவர் சிலரைக் கண்டு, பள்ளிக்குப் போகிறீர்களா, என்ன படிக்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார்கள். ஒரு சிறுவன் வர்ஜில் என்றானாம். மற்றொருவன் ஹோமர் என்றானாம். லத்தீனும் கிரேக்கமும்! லெட்ஹில்ஸில் சந்தித்த ஒருவர் ஊர் நூலகத்தைப் பற்றிச் சொல்லி, சில வாரங்களுக்கு முன்புதான் 30 ஸ்டெர்லிங் பவுன் விலையுள்ள ஒரு நூல் வந்து சேர்ந்தது என்றார். ஷேக்ஸ்பியர் இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஆம், அதுவும் உண்டு என்று விடை வந்தது. கேட்டவர்களின் வியப்பு அந்நூலில் தெரிகிறது. நமக்கோ அந்த வியப்பே சற்று வியப்பளிக்கிறது. தொழிலாளி ஷேக்ஸ்பியர் படிப்பது ஏன் அதிசயமாயிருக்க வேண்டும்?

இவ்வூரில் பிறந்து பெயர் பெற்றவர்களுள் இருவரைக் குறிப்பிடலாம். கவிஞர் ஆலன் ராம்சே 1680-களில் இங்கு பிறந்தவர். தந்தை சுரங்க மேற்பார்வையாளர். அவர் எடின்பரோவில் புத்தகக் கடை வைத்து, 1725-இல் வாடகைக்கு நூல் கொடுக்கும் நிலையம் ஒன்றையும் தொடங்கினார். பிரிட்டனிலேயே அதுதான் முதலாவது என்பர். மற்றவர் வில்லியம் சைமிங்டன், 1764-இல் பிறந்தவர். அவர் தந்தையும் சுரங்கத்தின் இயந்திர வேலைக்காரரே. நீரிறைக்கும் இயந்திரங்களின் ஓசையில் வளர்ந்த அச்சிறுவன், நீராவியால் படகைச் செலுத்த முடியும் என்று பின்னாளில் மெய்ப்பித்தார். அவர் சமைத்த 'ஷார்லட் டண்டாஸ்' என்னும் கலம் 1803-இல் ஃபோர்த்–கிளைடு கால்வாயில் பாரமேற்றிய இரு படகுகளைக் கட்டி இழுத்து 30 கிலோமீட்டர் தூரம் சென்றது. எதிர்க்காற்று அன்று பலமாக வீசியதாம். ஆயினும் அலை மோதிக் கால்வாயின் கரை இடிந்துவிடும் என்று அஞ்சிய உரிமையாளர்கள் அதைக் கைவிட்டனர். சைமிங்டன் 1831-இல் லண்டனில் வறுமையில் இறந்தார்.

நூலகத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. முதலாளிகளும் அதை ஆதரித்தார்கள். ஹோப்டன் பிரபு தாராளமாக நன்கொடை அளித்தார். வான்லாக்ஹெட்டிலும் கோமகனின் ஆதரவு இருந்தது. படிக்கும் தொழிலாளி குடிக்க மாட்டான், சண்டையிட மாட்டான், ஊரைவிட்டு ஓடவும் மாட்டான் என்ற கணக்கும் அதில் உண்டு. அந்த ஆதரவு உலைப் புகையை நிறுத்தவில்லை, கடனையும் தள்ளிவிடவில்லை. சமய நூலை இரவல் பெற்றுச் சென்ற அதே கை மறுநாள் ஈயப் புகையில் நடுங்கியது. ஆனாலும் அவ்வூரில் வீட்டு மனை, மலை, ஓடை, உலை எல்லாம் பிறர் சொத்தாயிருந்தபோது, அலமாரியிலிருந்த நூல்கள் மட்டும் தொழிலாளர் சங்கத்தின் சொத்தாக இருந்தன. கம்பெனிகள் மாறின, ஓடை நீர் யாருக்கு என்று வழக்காடிச் சுரங்கங்களைப் பல ஆண்டுகள் முடக்கின. சங்கமோ தொடர்ந்து கூடியது. வான்லாக்ஹெட் நூலகத்துக்கு 1850-இல் தனிக் கட்டடமே எழுந்தது.

1901-இல் லெட்ஹில்ஸுக்கும் அடுத்த ஆண்டு வான்லாக்ஹெட்டுக்கும் ரயில் வந்தது. சாதாரண அகலப் பாதையில் பிரிட்டனிலேயே மிக உயரமான இடத்தைத் தொட்ட ரயில் அது. ஆனால் அதற்குள் ஈயத்தின் காலம் சாயத் தொடங்கிவிட்டது. அயல்நாட்டு ஈயம் மலிவாக வந்து குவிந்தது. முதல் உலகப் போருக்குப்பின் விலை சரிய, 1920-களின் இறுதியில் லெட்ஹில்ஸ் சுரங்கமும் 1934-இல் வான்லாக்ஹெட் சுரங்கமும் மூடப்பட்டன. 1938-உடன் ரயிலும் நின்றது. 1950-களில் மீண்டும் தோண்டிப் பார்த்த முயற்சி நிலைக்கவில்லை. இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். இன்று இரு ஊர்களிலும் சேர்ந்து சில நூறு பேரே வாழ்கின்றனர். உலைகள் இருந்த இடங்களைச் சுற்றிய மண்ணில் ஈயம் இன்னும் மிகுதியாகவே இருக்கிறது. உலகக் கனிமப் பட்டியலில் 'லெட்ஹில்லைட்' என்று ஒரு பெயர் உண்டு. இவ்வூரில் முதலில் கண்டெடுக்கப்பட்டதால் வந்தது. அங்குள்ள சுசன்னா என்ற கனிம நரம்பின் பெயரால் 'சுசன்னைட்' என்றும் ஒன்று உண்டு.

நூலகங்கள் இரண்டும் அழியவில்லை. லெட்ஹில்ஸ் நூலகம் 1960-களில் மூடிக் கிடந்து, 1970-களின் தொடக்கத்தில் ஆர்வலர் முயற்சியால் புத்துயிர் பெற்றது. வான்லாக்ஹெட்டில் 1974-இல் ஈயச் சுரங்கக் காட்சிசாலை ஒன்று தொடங்கப்பட்டது. வருவோர் பழைய சுரங்கத்தினுள் சென்று பார்க்கலாம், தொழிலாளர் குடிசையைப் பார்க்கலாம், நூலகத்தையும் பார்க்கலாம். ரயில் ஆர்வலர் சிலர் பழைய தடத்தின் ஒரு பகுதியில் குறுகிய பாதை அமைத்துக் கோடை நாள்களில் சிறு வண்டி விடுகிறார்கள்.

லெட்ஹில்ஸ் நூலகத்தில் பழைய பிரசங்க நூல்களும் வரலாற்று நூல்களும் இன்னும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. சுரங்கத் தொழிலாளர் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பேரேடுகளும் அங்கேயே பாதுகாக்கப்படுகின்றன. இத்தனை அடி குடைவதற்கு இவ்வளவு கூலி என்று ஒரு கணக்கு. அதே கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய நூல்கள் மறுபக்கம்.